3800இல் ஓடிய கணினியும் திறக்காத வீடியோக்களும்: வெள்ளவத்தையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2022 செப்டம்பரிலும் ஒக்டோபரிலும் வெள்ளவத்தையில் நடந்தது. சம்பந்தப்பட்டவர் 28 வயது இளைஞர். திருமணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று வீடியோ எடுத்து, வீட்டிலேயே எடிட் செய்து கொடுப்பவர். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் அம்மாவோடு இருக்கிறார். நான் கணினி திருத்துகிறவன். 2020இல் அவருடைய கணினியைப் பூட்டிக் கொடுத்தது நான்தான். அவருடைய சம்மதத்தோடு, பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

கணினியில் இருந்தது ஏஎம்டி ரைசன் 5 3600 ப்ரொசெசர், பி450 சிப்செட் மதர்போர்ட், டிடிஆர்4-3200 வகை ரேம் 8 ஜிபி வீதம் இரண்டு. இரண்டு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. பிறகு அவர் 4கே கெமராவுக்கு மாறினார். 16 ஜிபி ரேம் திணறத் தொடங்கியது. சாதாரண காலமென்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய், கொஞ்சம் பெரிய ப்ரொசெசரும் கூடுதல் ரேமும் வாங்கியிருப்பார். ஆனால் அந்த வருடம் மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. ஒரு ப்ரொசெசரின் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்ததாகச் சொன்னார்.

ஓகஸ்டில் துபாயிலிருந்து வந்த அத்தான் ஒரு ரேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். 16 ஜிபி வீதம் இரண்டு, டிடிஆர்4-4000, சிஎல்18 (கேட்டதற்குப் பதில் தர ரேம் எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை). நல்ல சாமான். பிரச்சினை அந்த ரேமில் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவர் தானாகச் செய்தவை

பழைய ரேமைக் கழற்றிப் புதியதைப் போட்டார். பயோஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், ரேமைப் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கினார். கணினி 4000 என்று காட்டி எழும்பியது. ஆனால் எடிட்டிங் வேகத்தில் ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. "இவ்வளவு காசுச் சாமான் போட்டும் ஏன் அப்பிடியே கிடக்குது?" என்ற கேள்வியோடு இணையத்தில் தேட, ஃபெப்ரிக்கின் (ப்ரொசெசருக்குள் தரவு போகும் பாதையின்) வேகத்தை ரேமின் வேகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். அது சரியான தகவல்தான். அவர் ஃபெப்ரிக்கை 2000 என்று வைத்தார். திரை கறுப்பாகவே நின்றது. போர்ட்டிலிருந்த வட்டப் பற்றரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்துத் திரும்பப் போட்டு மீட்டெடுத்தார். அடுத்து ரேம் 3800, ஃபெப்ரிக் 1900. எழும்பியது! அதோடு ப்ரொசெசரின் ஆறு கோர்களையும் (கணக்குச் செய்யும் பகுதிகளையும்) 4.2 கிகாஹேர்ட்ஸில் நிறுத்தி, 1.35 வோல்ட் கொடுத்தார். வேகத்தை அளக்கும் செயலிகளில் இலக்கங்கள் அழகாக வந்தன. மூன்று வாரம் அப்படியே வேலை செய்தார்.

அந்த மூன்று வாரத்தில் இரண்டு திருமணமும் ஒரு சாமத்திய வீடும் கெமரா அட்டைகளிலிருந்து இந்தக் கணினி வழியாக ஹார்ட் டிஸ்க்குக்குப் போயிருந்தன. அட்டைகளை அடுத்த நிகழ்வுக்காக அழித்தும் விட்டார்.

முதல் நாள் நான் கண்டதும் தவறவிட்டதும்

செப்டம்பர் நடுப்பகுதியில் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, கலியாண வீட்டுக்காரருக்குக் குடுத்த ஸிப் ஃபைல் திறக்குதில்லையாம். என்னட்ட இருக்கிற கொப்பியும் திறக்குதில்லை. கரண்ட் போய்ப் போய் வந்ததால டிஸ்க் பழுதாப் போச்சு எண்டு நினைக்கிறன்."

தினமும் மின்வெட்டு இருந்த காலம் அது. அவருடைய பிரிவுக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்ற அட்டவணையை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஃபைல் பழுதாவது உண்மைதான். அதனால் அவர் சொன்னதை நானும் நம்பினேன். யூபிஎஸ்ஸின் பற்றரியைச் சோதித்தேன். பலவீனமாக இருந்தது, மாற்றினோம். டிஸ்க்கைச் சோதித்தேன். ஒரு கெட்ட பகுதியும் இல்லை. ரேமையும் பார்த்துவிடுவோம் என்று மெம்டெஸ்ட்86ஐ யூஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது. சரி, மின்வெட்டுத்தான் காரணம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி: "ரேம் மாற்றின பிறகு பயோஸில் என்னென்ன மாற்றினீங்கள்?" ரேம் புதியது என்பது எனக்குத் தெரியும். எக்ஸ்எம்பி மட்டும் போட்டிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை

ஆறு நாள் கழித்து மறுபடி அழைத்தார். மின்வெட்டே இல்லாத ஒரு காலையில் ரெண்டர் செய்த, அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கிய ஃபைலில், நடுவில் மூன்று ஃப்ரேம்கள் பச்சைக் கட்டங்களாகச் சிதறியிருந்தன. ஹெட்ஃபோனில் அவ்வப்போது 'டிக், டிக்' என்று ஒரு வெடிப்புச் சத்தமும் வருவதாகச் சொன்னார். அந்தச் சத்தம் எனக்கு எச்சரிக்கையாகப் பட்டது. இந்தத் தலைமுறை ரைசனில் ஃபெப்ரிக் தடுமாறும்போது ஒலி வெடிப்பதும், யூஎஸ்பிச் சாதனங்கள் விட்டு விட்டு அறுந்து சேர்வதும் உண்டு.

போய் முதலில் விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். டபிள்யூஎச்ஈஏ-லொகர், ஈவென்ட் 19: ஹார்ட்வேர் பிழைக்கான பதிவு. வரிசையாக இறங்கிக்கொண்டே போனது. பஸ் அல்லது இன்டர்கனெக்ட் பிழை, திருத்தப்பட்டது என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. 'திருத்தப்பட்டது' என்ற சொல்லைப் பார்த்துப் பலர் நிம்மதியடைகிறார்கள். அடையக் கூடாது. ப்ரொசெசருக்குள் இருக்கும் பாதை திரும்பத் திரும்பத் தவறுகிறது என்பதுதான் அதன் பொருள். எல்லாத் தவறும் பிடிபடும் என்று யாரும் உறுதி தரவில்லை.

பயோஸைத் திறந்தபோது மீதியும் விளங்கியது. 3800, 1900, 4.2. எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கொன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.2இல் நின்றது.

ஏன் இரண்டும் ஒரே நடையில் போக வேண்டும்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் செய்ததில் பாதி சரி என்பதால்தான் இந்தப் பிழை இவ்வளவு நாள் மறைந்திருந்தது.

பெட்டியில் 3600 என்று எழுதியிருந்தால், ரேமின் உண்மையான க்ளொக், அதாவது துடிப்பு வேகம், 1800 மெகாஹேர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு போவதால் இரட்டிப்பாக்கி எழுதுகிறார்கள். ரைசன் 3000 வரிசையில் மூன்று க்ளொக்குகளைக் கவனிக்க வேண்டும்: ரேமுக்கு ஒன்று, ரேமை இயக்கும் மெமரி கொன்ட்ரோலருக்கு ஒன்று, கோர்களையும் கொன்ட்ரோலரையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபெப்ரிக் என்ற பாதைக்கு ஒன்று. மூன்றும் ஒரே வேகத்தில் போனால் தரவு காத்திருக்காமல் கைமாறும். வேறுபட்டால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு சிறு காத்திருப்பு.

4000 என்று வைத்தபோது நடந்தது இதுதான். ரேம் 2000 மெகாஹேர்ட்ஸ். 3600ஐத் தாண்டியதும் அந்த மதர்போர்ட் தானாகவே கொன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு, 1000க்கு இறக்கிவிட்டது. ஃபெப்ரிக்கை 1800இல் நிறுத்திவிட்டது. மூன்றும் மூன்று நடை. ஐடா64 என்ற அளக்கும் செயலியில் பார்த்தபோது ரேமை எட்ட எடுத்த நேரம் 81 நானோசெக்கன். பழைய 3200 ரேமிலேயே அது 75தான்.

அகலக் கணக்கைப் பார்த்தாலும் அதே முடிவுதான் வரும். இரண்டு சனல் டிடிஆர்4-3600, ஒரு செக்கனுக்கு 57.6 ஜிபி கொடுக்கும். ஃபெப்ரிக் ஒரு துடிப்புக்கு 32 பைட் வாசிக்கும். 1800 மெகாஹேர்ட்ஸில் அதுவும் 57.6 ஜிபி. சரியாகப் பொருந்துகிறது. டிடிஆர்4-4000 ரேம் 64 ஜிபி கொடுக்கக்கூடியது. ஆனால் அதை வாங்குகிற பாதை 57.6 ஜிபிக்கு மேல் வாங்காது. மிச்சத்துக்குப் போக வழியில்லை.

இதை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவருடைய அம்மா சொன்னார்: "துலா மிதிக்கிறவர் கெதியா மிதிச்சு என்ன, கீழ பட்டை பிடிச்சு ஊத்துறவரின்ரை கை ஓடாட்டித் தண்ணி கிணத்துக்குள்ளதானே திரும்பப் போகும்." யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்கு இறைத்து வளர்ந்தவர். நான் அரை மணித்தியாலமாகச் சொன்னதை அவர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார்.

பழைய ஆட்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. 2007 காலத்து பென்டியம் ஈ2160இல் பஸ்ஸின் (ப்ரொசெசரை மற்றப் பகுதிகளோடு இணைத்த பாதையின்) அடிப்படை வேகம் 200 மெகாஹேர்ட்ஸ், அதை 9ஆல் பெருக்கினால் 1.8 கிகாஹேர்ட்ஸ். பஸ்ஸை 333க்கு ஏற்றினால் 3 கிகாஹேர்ட்ஸ். அந்த இடத்தில் டிடிஆர்2-667 ரேமின் உண்மையான வேகமும் 333. ஒன்றுக்கு ஒன்று, அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் விகிதத்தை 200க்கு 400 என்றே விட்டுவிட்டுப் பஸ்ஸை மட்டும் ஏற்றினால், ரேமும் கூடவே இழுபட்டு, பெட்டியில் எழுதும் கணக்கில் 1333க்குப் போகப் பார்க்கும், கணினி எழும்பாது. நான் தொழில் பழகியது அந்தக் காலத்தில்தான். அன்று பிழை விட்டால் உடனே தெரிந்தது. இன்று பிழை விட்டாலும் கணினி எழும்புகிறது, ஓடுகிறது, மூன்று வாரம் வேலையும் செய்கிறது. எனக்குப் பயம் தருவது அதுதான்.

எது தடுமாறுகிறது என்று பிரித்துப் பார்த்தது

1900இல் மூன்று க்ளொக்கும் ஒன்றாகத்தான் போயின. பொருத்தம் சரி. ஆனால் அந்த வேகத்தை ரேம் தாங்கவில்லையா, ஃபெப்ரிக் தாங்கவில்லையா, 4.2இல் கட்டி வைத்த கோர்கள் தாங்கவில்லையா? மூன்றையும் ஒரே நாளில் ஏற்றியிருந்தார். அதனால் ஒவ்வொன்றாக இறக்க வேண்டியிருந்தது.

முதலில் ப்ரொசெசரை அதன் இயல்பு நிலைக்கு விட்டேன். ஈவென்ட் 19 தொடர்ந்தது. கோர்கள் காரணமில்லை. அடுத்து ரேமை 3800இலேயே விட்டு, ஃபெப்ரிக்கை மட்டும் 1600க்கு இறக்கினேன். இரவு முழுக்க ரேம் சோதனை, ஒரு பிழையும் இல்லை, பதிவும் இல்லை. பிறகு தலைகீழாக ரேமை 2666க்கு இறக்கி, ஃபெப்ரிக்கை 1900க்கு ஏற்றினேன். இருபது நிமிடத்துக்குள் பதிவுகள் வரத் தொடங்கின. ரேம் எவ்வளவு மெதுவாகப் போனாலும் 1900இல் ஃபெப்ரிக் தவறுகிறது. மெம்டெஸ்ட்86 பிழை காட்டாததற்கும் காரணம் விளங்கியது. அது ரேமைத்தான் கசக்குகிறது. எல்லாக் கோர்களும் டிஸ்க்கும் கிராபிக்ஸும் ஒரே நேரத்தில் பாதையை நெருக்கும் எடிட்டிங் வேலையை அது காட்டுவதில்லை.

ஃபைல்கள் பழுதானது இதனால்தானா என்பதற்கும் ஆதாரம் வேண்டும் என்று நினைத்தேன். ஒரு 60 ஜிபி ஃபோல்டரை, பின்னணியில் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்க, பழைய அமைப்பிலேயே மூன்று தடவை பிரதி எடுத்து, ஹாஷை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள இலக்கத்தை) ஒப்பிட்டோம். மூன்றாவது பிரதியில் ஒரு ஃபைல் மூலத்தோடு பொருந்தவில்லை. கணினி ஒரு எச்சரிக்கையும் காட்டவில்லை. பிரதி வெற்றி என்றுதான் திரையில் இருந்தது. அந்த இளைஞர் கதிரையை விட்டு எழுந்து போய்ச் சற்று நேரம் வாசலில் நின்றார். அந்த மூன்று வாரத்தில் எத்தனை ஃபைல் இப்படிப் போயிருக்கும் என்று யோசித்ததாகப் பிறகு சொன்னார்.

எடுத்த முடிவுகள்

1900ஐ வோல்டேஜ் கூட்டி நிலைநிறுத்தலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. எஸ்ஓசியை 1.2 வோல்ட்டிலிருந்து 1.1க்கு இறக்கி, ஃபெப்ரிக்குக்குரிய வோல்டேஜைப் படிப்படியாக 1.05 வரை கூட்டிப் பார்த்தேன். பதிவுகள் குறைந்தன, நிற்கவில்லை. அதற்கு மேல் ஏற்ற நான் விரும்பவில்லை. 1866இல், அதாவது ரேம் 3733இல், காலை முழுக்க ஒன்றும் வரவில்லை. பின்னேரம் மூன்று மணிபோல ஒரு பதிவு வந்தது. குரல் பதிவு செய்யும்போது ரயில் சத்தம் கேட்காமலிருக்க அவர் கதவு ஜன்னலை அடைத்து வைப்பார். கொழும்புப் பின்னேரத்தில், ஏசி இல்லாத அறையில், கணினிப் பெட்டிக்குள் எவ்வளவு சூடேறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரவில் தேறுகிற அமைப்பை அந்தச் சூட்டிலும் சோதிக்க வேண்டும்.

ஒரே ஒரு பதிவு என்பதால் 3733ஐ விட்டுவைக்கலாமா என்று அவர் தயங்கினார். நான் மறுத்தேன். விளையாடுவதற்கான கணினியென்றால் அவர் விருப்பத்துக்கு விட்டிருப்பேன். இதில் இருப்பது மற்றவர்களின் திருமணம், திரும்ப எடுக்க முடியாதது.

அதனால் 3600, 1800. ரேமின் நேரங்களை மட்டும் இறுக்கினோம். 4000இல் சிஎல்18 என்றால், முதல் பதிலுக்கு ரேம் எடுக்கும் நேரம் 9 நானோசெக்கன். 3600இல் சிஎல்16 என்றால் 8.9. இலக்கம் இறங்கினாலும் ரேம் பதில் சொல்லும் வேகம் குறையவில்லை. இந்த ரேம் 1.4 வோல்ட்டில் அந்த இறுக்கிய நேரங்களைத் தாங்கியது. ப்ரொசெசரின் நிலையான 4.2ஐ எடுத்துவிட்டு அதன் இயல்பான பூஸ்ட்டுக்கே விட்டோம். ஒற்றைக் கோர் வேலைக்கு அதுவே 4.2 வரை போகும்.

சோதனை இரண்டு நாள். இரவில் ரேம் சோதனை, பகலில் ஜன்னல் அடைத்த அறையில் ரெண்டரும் பிரதியும் சேர்த்து. பத்துத் தடவை 60 ஜிபி பிரதி, பத்தும் பொருந்தின. ஈவென்ட் 19 ஒன்றுமில்லை.

அதன் பிறகு

ரேமை எட்டும் நேரம் 3800இல் 67 நானோசெக்கனாக இருந்தது. 3600இல் 69. ஒரே பத்து நிமிட வீடியோவை ரெண்டர் செய்ய 3800இல் 13 நிமிடம் 35 செக்கன், 3600இல் 13 நிமிடம் 41 செக்கன். பெட்டியிலிருந்த 4000 எக்ஸ்எம்பியில் 14 நிமிடம் 20 செக்கன். இவை இந்த ஒரு கணினியில் அளந்தவை, வேறு கணினியில் வேறு விதமாக வரும். ஆறு செக்கனுக்காக அவர் என்ன விலை கொடுக்கவிருந்தார் என்பதை ஒரு கடதாசியில் பக்கத்தில் பக்கமாக எழுதிக் காட்டினேன்.

மூன்று நிகழ்வுகளின் ஃபைல்களையும் ஒவ்வொன்றாக முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார். நான்கு நாள் பிடித்தது. திருமணங்கள் இரண்டிலும் மூலக் காட்சிகள் தப்பின. ஸிப் ஃபைலை மறுபடி செய்து கொடுத்தார். சாமத்திய வீட்டில் இரண்டாவது கெமராவின் இரண்டு துண்டுகள் போய்விட்டன. அதிலொன்று ஆரத்தி எடுக்கும்போது பிள்ளையின் பாட்டியின் முகத்தைக் கிட்டவாக எடுத்தது. முதல் கெமராவில் அந்தக் காட்சி தூரத்திலிருந்து இருந்தது. அவர் அந்த வீட்டுக்கு நேரில் போய் நடந்ததைச் சொன்னார். அவர்கள் வருத்தப்பட்டார்கள், ஆனால் தூரக் காட்சியை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வேலைக்கு அவர் மிச்சக் காசு வாங்கவில்லை.

இனி மாற்றுவது

நான் முதல் நாளே ஈவென்ட் வியூவரைத் திறந்திருந்தால் ஆறு நாள் மிச்சமாகியிருக்கும். அந்த ஆறு நாளில்தான் இரண்டாவது திருமணத்தின் ரெண்டர் பழுதானது. மின்வெட்டு எல்லோர் வாயிலும் இருந்ததால் அதுவே காரணமென்று நானும் ஒப்புக்கொண்டேன். இப்போது ஃபைல் பழுது என்று யார் வந்தாலும், டிஸ்க்கைத் தொடும் முன் இரண்டு விஷயம் பார்க்கிறேன்: பயோஸ் அமைப்புகளைப் படமெடுத்து வைப்பது, ஈவென்ட் 19 இருக்கிறதா என்று தேடுவது. அப்புறம், சந்தேகமுள்ள கணினியில் முதல் வேலையாக எல்லா ஓவர்க்ளொக்கையும் (இயல்பு வேகத்துக்கு மேல் ஏற்றி வைத்ததையும்) எடுத்துவிட்டு, அதன் பிறகே எந்த ஃபைலையும் பிரதி எடுக்க விடுகிறேன். தடுமாறும் கணினியால் எடுக்கும் மீட்புப் பிரதியே பழுதாகலாம்.

ஓவர்க்ளொக் செய்ய விரும்புகிறவர்களை நான் தடுப்பதில்லை. கையில் காசில்லாத வருடத்தில் இருக்கிற சாமானிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுக்க நினைத்தது நியாயம்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஏற்றச் சொல்கிறேன். இந்த வரிசை ப்ரொசெசரில் ஃபெப்ரிக்கை முதலில் பிடிக்கச் சொல்கிறேன். ரேமை 2666இல் விட்டு, ஃபெப்ரிக்கை மட்டும் ஏற்றி, அது சுத்தமாக நிற்கும் உயரத்தைக் கண்டுபிடித்து, அந்த இலக்கத்தின் இரட்டிப்புக்கு ரேமைக் கொண்டுவருவது. அவர் ரேமின் பெட்டியிலிருந்து கீழே வந்தார். ப்ரொசெசரிலிருந்து மேலே போயிருந்தால் 1800இலேயே நின்றிருப்பார்.

அந்த இளைஞர் இப்போது கெமரா அட்டையிலிருந்து பிரதி எடுக்கும்போது டெராகொப்பி என்ற பிரதி எடுக்கும் செயலியில் சரிபார்ப்பை இயக்கி வைக்கிறார். நேரம் கூட எடுக்கும். இரண்டு டிஸ்க்கில் பிரதி பொருந்தியதென்று பச்சை அடையாளம் வரும்வரை அட்டையை அழிப்பதில்லை. அழிக்காத அட்டைகளைப் போட்டு வைக்க அம்மாவிடம் ஒரு சின்னச் சில்வர் டப்பா வாங்கி, மேசையில் அந்தப் பழைய மின்வெட்டு அட்டவணைக்குக் கீழே வைத்திருக்கிறார்.